பொருந்தாத மச்சான்

இடுப்பெலும்பில் துளை போட வந்த மெஷின் கையைக் குப்புறப் படுத்தபடியே திரும்பிப் பார்த்து, "தண்ணி எத்தனை அடியில இருக்குதுங்?" என்று செங்கோடன் கேட்டான். டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அவனும் நானும் திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் முப்பது வருசம் துளை போடுகிற இரும்பு ராடு தூக்கினவர்கள். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று எந்த ஊர்ப் பாறையையும் விட்டு வைக்கவில்லை. இனிமேல் யாரும் போர் போடக்கூடாது என்று அரசாங்கம் நிறுத்திய பிறகு வண்டிகள் எல்லாம் பட்டறை மைதானத்தில் வரிசையாக நிற்கின்றன. நான் அவற்றுக்குக் காவல். அவன் நாலு வெள்ளாடு வாங்கி மேய்த்துக்கொண்டிருந்தான்.

மெஷின் கை சத்தமில்லாமல் இறங்கியது. நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊசி எலும்புக்குள் போனபோது அவன் பாதம் என் கைக்குள் விறைத்தது. நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ஏனுங் மச்சான், ஊசி உங்களுக்கா போடறாங்க?" என்றான்.

செங்கோடன் என் அத்தை மகன். என் தங்கச்சி சாந்தாமணியைக் கட்டினவன். என்னைவிட இளையவன் என்பதால் நீங்க வாங்க என்றுதான் பேசுவான். ஆனால் பேசுகிற பேச்சில் பாதி நக்கல். மச்சான் மாப்பிள்ளைக்குள் எங்கள் பக்கம் அப்படித்தான், யாரும் தப்பாக எடுப்பதில்லை. நான் மூஞ்சிக்கு நேரே பேசுகிறவன். குழம்பில் உப்பு அதிகம் என்றால் விருந்து வைத்தவனிடமே சொல்லிவிடுவேன். பொண்ணு கறுப்பு என்றால் பெண் பார்க்கப் போன வீட்டிலேயே சொல்லிவிடுவேன். "பொங்கியண்ணன் வாயில பொய் வராது, நல்லதும் வராது" என்று அவன்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்தான். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அவனுக்கு முதுகு வலிக்கிறது என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ராடு தூக்கின முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டோம். ஒருநாள் ஆட்டுக்குட்டியைத் தூக்கித் தோளில் போட்டான், விலாவெலும்பு முறிந்துவிட்டது. குட்டி கனமே இல்லை. அப்படித்தான் சேலம் ரோட்டில் இருக்கிற அந்தப் புது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தோம். டாக்டர் பெயர் ஜெசிந்தா. தென்காசிப் பக்கத்துப் பெண், என் மகன் வயசுகூட இருக்காது.

எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் ஒருவகை அணு கெட்டுப்போய்ப் பெருகிவிட்டது என்றாள். சாதாரணமாக அந்த அணுக்களின் வேலை, உடம்புக்கு வந்துபோன நோய்களை நினைவில் வைத்து அவற்றுக்கு எதிர்மருந்து சுரப்பது. கெட்டுப்போனது அந்த வேலையை விட்டுவிட்டு எலும்பை அரிக்கிறது, சிறுநீரகத்தை அடைக்கிறது. மைலோமா என்று பெயர் சொன்னாள். புற்றுநோய்தானே என்று நான் கேட்டேன். ஆமாம் என்றாள். சாந்தாமணி தலையில் கை வைத்தாள்.

"இந்த நோய்க்கு மொத அடிதான் பெரிய அடி," என்றாள் டாக்டர். "மொதல்ல நல்லா அடிச்சுட்டா அடங்கிக் கிடக்கும். பாதி அடிச்சு விட்டா, திரும்ப வர்றப்போ நம்ம மருந்தையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வரும்."

முதல் அடிக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று பழைய வழி. நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது, பிறகு அவனுடைய மூல அணுக்களையே எடுத்து வைத்திருந்து திரும்ப ஏற்றுவது, பிறகு மாத்திரை. பல வருசம் நன்றாக இருக்கலாம். ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு என்றைக்காவது திரும்பும். இன்னொன்று புது வழி. அவனிடமிருந்து எடுத்த கெட்ட அணுக்களைச் சாகடித்து, நல்ல உடம்புள்ள இன்னொருவர் மஜ்ஜையில் விடுவார்கள். அந்த உடம்பு அவற்றை எதிரி என்று கண்டுகொண்டு அடிக்கப் பழகும். பழகின அணுக்களை மெஷின் வைத்துப் பிரித்தெடுத்து நோயாளிக்கு ஏற்றுவார்கள். அப்படி ஏற்றினவர்களில் அநேகம் பேருக்கு இதுவரை நோய் திரும்பவில்லை. ஆனால் அதை முதலிலேயே செய்ய வேண்டும். நாலு மருந்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் இது ஒட்டாது.

"சண்டைக்கு விடற கட்டுச் சேவல் மாதிரிங்," என்றான் செங்கோடன். "அடுத்த வீட்டுக் களத்துல விட்டுப் பழக்கிக் கொண்டாந்து, நம்ம களத்துல இறக்கறது."

டாக்டர் சிரித்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோருமே அதைச் சேவல் வைத்தியம் என்றுதான் சொல்கிறார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

யாருடைய உடம்பில் பழக்குவது என்று கேட்டோம். பிள்ளை பெறுகிற வயசில் இருப்பவர்களை எடுப்பதில்லையாம், அதனால் செங்கோடன் மகளை விட்டாயிற்று. சாந்தாமணிக்குச் சர்க்கரை, காலெல்லாம் நீர் கோத்துக் கிடக்கிறது, அவளையும் விட்டாயிற்று.

"ரொம்ப நெருங்கின ரத்தமா இருந்தா அந்த உடம்பு இதை எதிரின்னே நினைக்காது," என்றாள் டாக்டர். "ரொம்ப அந்நியமா இருந்தா நல்லதையும் சேத்து அடிச்சிரும். பாதி சொந்தம், பாதி அந்நியம்னு இருக்கணும். அத்தை மகன், மாமன் மகன் மாதிரி."

"சொந்தமும் இருக்கோணும், பகையும் இருக்கோணும். மச்சான்னு நேராவே சொல்லிப்போடுங்," என்றான் செங்கோடன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாந்தாமணி மட்டும் பார்க்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கல்யாணத்தில் எனக்கு இணைச்சீர் செய்தவள் அவள். மாப்பிள்ளைக்கு அவன் உடன்பிறந்தவள் மணவறைக்கு முன்னால் செய்கிற சீர் அது. அந்தச் சீரை வாங்கிக்கொண்ட அண்ணன், அவள் வீட்டில் ஒன்று என்றால் முதல் ஆளாக நிற்க வேண்டும். அவள் ஒருநாளும் என்னிடம் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. அப்போதும் கேட்கவில்லை.

"நான் இருக்கறேன்," என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் என்னை மட்டும் ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் முழங்கையை மடக்கிப் பஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கோடனும் சாந்தாமணியும் அந்த வரிசைக் கடைசியில் இருந்தார்கள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஐயா, இங்க நீங்க சொல்றது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான். சரின்னா இப்பவே ரத்தம் எடுத்துப் பொருந்துதான்னு பாப்போம். பொருந்தினா மட்டும், உங்க மாப்பிள்ளையையும் இதே மாதிரி தனியாக் கூப்பிட்டு, உங்ககிட்டருந்து எடுத்துக்கச் சம்மதமான்னு கேப்போம். ரெண்டு பேருல யார் வேண்டாம்னு சொன்னாலும், வெளியில நாங்க சொல்றது ஒரே வார்த்தை. பொருந்தலை."

"நிசமாவே பொருந்தாட்டி?"

"அப்பவும் அதே வார்த்தைதான்."

"அப்ப ஆஸ்பத்திரியே பொய் சொல்லும்."

"இந்த ஒரு பொய்யைச் சொல்லும் ஐயா. இல்லைன்னா சொந்தக்காரங்க முகத்துக்குப் பயந்து சரின்னு சொல்லிட்டு, உடம்பைக் கெடுத்துக்கறாங்க."

எனக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் பேச்சில் ஒருநாளும் நம்பிக்கை கிடையாது. இல்லாத நோயைக் கண்டுபிடிப்பார்கள், இருக்கிற நோயை வளர்ப்பார்கள் என்பது என் எண்ணம். அன்றைக்கு அவள் சொன்னதில் அந்தப் பொய் ஒன்றுதான் எனக்கு நம்புகிற மாதிரி இருந்தது.

பிறகு எனக்கு என்ன ஆகும் என்று சொன்னாள். இடுப்பில் துளை போட்டு உள்ளே விடுவார்கள். காய்ச்சல் வரும், எலும்பெல்லாம் நோகும், ஒன்றிரண்டு மாதம் படுக்கையில் கிடக்க வேண்டியிருக்கும். அணுக்களைப் பிரித்தெடுத்த பிறகு என் உடம்பு தனக்குத் தெரிந்த பழைய நோய்களில் பலவற்றை மறந்துவிடும். கைக்குழந்தைக்குப் போடுகிற மாதிரி எல்லாத் தடுப்பூசியும் முதலிலிருந்து போட வேண்டும். கூட்டத்துக்குப் போகக்கூடாது. நூற்றில் இரண்டு மூன்று பேர் பழைய மாதிரி ஆவதில்லை. எதையும் மறைக்காமல்தான் சொன்னாள்.

"செத்த அணுங்கறீங்க. செத்துப்போச்சுன்னு யாரு பாத்தது?" என்று கேட்டேன்.

பார்க்கிற முறையைச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அறை மூலையில் அதே மெஷின் கை மடங்கிக்கொண்டு நின்றது. செங்கோடன் பாதம் என் கையில் விறைத்தது ஞாபகம் வந்தது. அவன் நோயை எனக்குள் விட்டுவிட்டு, அவன் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் நான் தனியாகக் கிடப்பேன் என்று தோன்றியது. என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. மகன் ஓசூரில்.

"வேண்டாம்," என்றேன். யோசித்துச் சொன்ன மாதிரிகூட இல்லை. ஏப்பம் போல வந்தது.

டாக்டர் முகம் மாறவில்லை. சரி என்றாள். உடனே வெளியே போனால் சந்தேகம் வரும், கொஞ்சம் உட்காருங்கள் என்றாள். ராஜஸ்தானில் தண்ணீர் எத்தனை அடியில் வந்தது என்று விசாரித்தாள். நானும் கதை சொன்னேன். என் மாப்பிள்ளையைக் கைவிட்ட கையோடு, ஜெய்சல்மேர்ப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் மணலில் புதைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது, "கையில ஒரு பஞ்சு ஒட்டி விடட்டுமா ஐயா? ரத்தம் எடுத்த மாதிரி இருக்கும்," என்றாள்.

அந்த வேசமெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொய்யை ஆஸ்பத்திரி சொல்லிக்கொள்ளட்டும், என் கையால் நான் சொல்ல மாட்டேன் என்று எனக்கு ஒரு ரோசம். அந்த நேரத்திலும்.

வெளியே வந்தேன். நின்று வேட்டியை இரண்டு கையாலும் உதறி மடித்துக் கட்டினேன். சாந்தாமணி எழுந்துவிட்டாள். மத்தியானம் டாக்டர் வந்து பொருந்தவில்லை என்று சொன்னபோது அவள் மறுபடி உட்கார்ந்தாள். செங்கோடன் என்னைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "விடுங் மச்சான். உங்களுக்கும் எனக்கும் என்னைக்குத்தான் பொருந்துச்சு," என்றான்.

அன்று என்னை என் வீட்டுக்குப் போக விடவில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்த உடம்பு என்று சாந்தாமணி நாட்டுக்கோழி அடித்துச் சாறு வைத்தாள். முட்டை அவித்து உரித்துக் கொண்டுவந்து வைத்தாள். வீங்கின காலோடு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தாள். "நீங்க இருக்கறேன்னு சொன்னதே போதுங்ணா," என்றாள். நான் முட்டையைத் தின்றேன். உப்பு கம்மியாக இருந்தது. நான் சொல்லவில்லை.

நாலு மருந்து வருகிற திங்கட்கிழமை அல்ல, அடுத்த திங்கட்கிழமை தொடங்குவதாக ஏற்பாடு. தொடங்கிவிட்டால் வெளிச்சாப்பாடு கூடாது, கூட்டம் கூடாது. அதற்குள் கருப்பணார் கோயிலில் ஒரு கிடாய் வெட்டிவிட வேண்டும் என்று செங்கோடன் ஆசைப்பட்டான். சொந்தம் எல்லாம் வந்தது. பட்டப்பகலில் கோயில் களத்தில் புளியமர நிழலில் இலை போட்டுப் பந்தி நடந்தது. முறிந்த விலாவைக் கட்டிக்கொண்டு அவனே நடந்து பரிமாறினான். ஈரல் வறுவலை முதலில் என் இலையில்தான் வைத்தான்.

"எங்க மச்சான் எனக்காகப் போயி இடுப்பைக் காட்டிப்போட்டு வந்தாருங்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். "இவரு இடுப்பைப் பாத்து மெஷினே பயந்து போச்சு."

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் அவன் மகளைக் கொடுத்த ராசிபுரத்துச் சம்பந்தி பேச்சை எடுத்தார். அவருடைய பங்காளி ஒருவருக்கும் இதே நோய், இதே ஆஸ்பத்திரி. மைத்துனனைக் கூட்டிப் போனார்களாம், பொருந்தவில்லை என்றார்களாம். அப்புறம் அங்கே வேலை செய்கிற ஒரு பையன் மூலமாக விசயம் தெரிந்ததாம். அந்த ஆஸ்பத்திரியில் பொருந்தவில்லை என்றால், பாதிப்பேர் உள்ளே போய் மாட்டேன் என்று சொல்லிவிட்டதாக அர்த்தமாம்.

"சும்மா கேள்விப்பட்டதைச் சொன்னேனுங்," என்று முடித்தார். சும்மா சொல்லவில்லை என்பது பந்தியில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. என் பக்கத்து இலைக்காரன் கை நின்றது. சாந்தாமணி ரசவாளியோடு நின்றாள்.

நான் வாயைத் திறந்தேன். ஊரில் யாரையும் எதையும் கேட்கிற வாய். ஒரு கவளம் சோற்றைப் போட்டு மூடிக்கொண்டேன்.

செங்கோடன் குனிந்து சம்பந்தி இலையில் இன்னும் கொஞ்சம் கறி வைத்தான்.

"சம்பந்தி, எங்க மச்சானுக்கு ஆயிரம் குத்தம் சொல்லுங், நான் ஒத்துக்கறேன். பொய் மட்டும் அவருக்கு வராதுங். மாட்டேன்னு நினைச்சிருந்தா என்ற மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருப்பாரு, மாட்டேன் போடான்னு. இந்த வாயைத் தெரியாதா உங்களுக்கு?"

ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் சொன்னார்கள். பொங்கியண்ணன் வாய் அப்படிப்பட்ட வாய்தான் என்று ஆளுக்கொரு கதை சொல்ல ஆரம்பித்தார்கள். நான் யார் யாரை எங்கே எப்படி அவமானப்படுத்தினேன் என்று வரிசையாக வந்தது. எல்லாம் எனக்கு நற்சாட்சி. சாந்தாமணி ரசம் ஊற்ற வந்தவள் என் தோளில் ஒரு நிமிசம் கை வைத்துவிட்டுப் போனாள். இலையில் ஈரல் அப்படியே இருந்தது. அதைத் தின்னாமல் எழுந்தால் கேட்பார்கள் என்று தின்றேன்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சம்மதம், ரத்தம் எடுங்கள் என்றேன். டாக்டர் ஜெசிந்தா என்னை உட்காரச் சொன்னாள். யாராவது மிரட்டினார்களா, ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். நல்லதாகத்தான் சொன்னார்கள் என்றேன். அவளுக்கு அது புரிந்ததோ என்னவோ, நர்சைக் கூப்பிட்டாள். ரத்தம் எடுத்தார்கள். பஞ்சு வைத்து ஒட்டினார்கள். பஸ்ஸில் ஊர் வரும்வரை முழங்கையை மடக்கியே வைத்திருந்தேன். இறங்குவதற்கு முன் பஞ்சைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தேன். இந்தத் தடவை யாரும் எனக்காகக் கோழி அடிக்கக்கூடாது என்று இருந்தது. பொருந்திவிட்டது என்ற செய்தி ஆஸ்பத்திரியிலிருந்தே வரட்டும். முதலில் ஏதோ கணக்கு தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளட்டும். அப்படியும் ஒரு பொய்யை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வாரக் கடைசியில் கூப்பிட்டாள். அதே அறை, கதவு சாத்தியிருந்தது.

"பொருந்தலை ஐயா," என்றாள்.

"எந்தப் பொருந்தலை?"

அவள் கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ரத்தம் பொருந்தலையா, மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லிட்டானா? மூணாவது ஒண்ணும் இருக்குது. போன தடவை ஓடிப்போனவன்னு நீங்களே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"நாங்க அப்படி முடிவு பண்ண முடியாது. மத்ததை நான் சொல்ல மாட்டேன் ஐயா. போன தடவை உங்களைக் காப்பாத்தினது இந்த வார்த்தைதான். இன்னைக்கு உங்களுக்காக இதை உடைச்சா, அன்னைக்கு அவங்களுக்காகவும் உடைச்சிருப்பேன்னுதானே அர்த்தம்."

கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன். மாட்டேன் என்றாள். திருப்பியிருந்தாலும் எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மூலையில் மெஷின் கை மடங்கி நின்றது. இனி அது என் இடுப்புக்கு வராது என்று நினைத்ததும் வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. சந்தோசம்தான், வேறென்ன. அந்த அறையில் எனக்குத் தெரியாமல் என்னிடமிருந்து வந்தது அது. டாக்டர் பார்த்துவிடுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை முதல் ஊசி. நாலு மருந்தில் ஒன்றை வயிற்றுத் தோலுக்கு அடியில் மெதுவாக ஏற்ற வேண்டும். சாந்தாமணி மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். செங்கோடன் கட்டிலில் சாய்ந்திருந்தான். பக்கத்து ஸ்டூலில் நான். ஆடு எது குட்டி போட்டது, எதைச் சம்பந்தி வீட்டுக்கு ஓட்டிவிடுவது என்று பேசிக்கொண்டிருந்தவன், அதே குரலில் கேட்டான்.

"ரெண்டாந்தடவையும் பொருந்தலைன்னுட்டாங்களாமா, மச்சான்?"

இரண்டாம் தடவை போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங். என்னையும் அந்த ரூமுக்குக் கூப்பிட்டாங்க."

பொருந்தினால் மட்டும்தான் அவனைக் கூப்பிடுவார்கள். டாக்டர் முதல் நாளே சொன்னது. எனக்கு அதைக் கோத்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்ப பொருந்துச்சு," என்றேன்.

"பொருந்துச்சாமா. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு."

"நீ வேண்டாம்னு சொல்லிட்ட."

"ஆமாங்."

"ஏண்டா?"

அவன் கூரையைப் பார்த்தான். நக்கல் இல்லாமல் பேசுவது அவனுக்குப் பழக்கமில்லை, அதனால் மெதுவாகத்தான் வந்தது.

"நீங்க காய்ச்சல்ல படுத்தா உங்களை யாரு பாப்பா? ஓசூர்க்காரன் வந்து ரெண்டு நாளு இருப்பானா? அப்புறம் உங்க தங்கச்சிதான். காலைத் தூக்கி வைக்க முடியாதவ, இங்க என்னைப் பாத்துப்போட்டு அங்க உங்களுக்குக் கஞ்சி தூக்கிட்டு நடக்கறதா? எனக்கு நோவு வந்தா வந்துட்டுப் போகுது. ரெண்டு பேரு கட்டிலுக்கும் நடுவுல அவளை விட முடியாதுங்."

முதல் தடவை வேண்டாம் என்றபோது என் இடுப்பைத்தான் நினைத்தேன். இரண்டாம் தடவை சரி என்றபோது என் பேரைத்தான் நினைத்தேன். அவளை நான் எந்தத் தடவையும் நினைக்கவில்லை.

"மொத தடவை," என்று ஆரம்பித்தேன். 

"மொத தடவை உங்க கையில பஞ்சு இல்லீங், மச்சான்."

நான் என் முழங்கையைப் பார்த்தேன்.

"வெளிய வந்ததும் ரெண்டு கையிலயும் வேட்டியை உதறி மடிச்சுக் கட்டுனீங்க. அந்த வராந்தாவுல ஊசி குத்தாத கை உங்க கை மட்டுந்தான்."

"அன்னைக்கே தெரியுமா?"

"அன்னைக்கேதானுங்."

"தெரிஞ்சுமா கோயில்ல அப்படிச் சொன்ன?"

"எல்லாரும் இலையில உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தாங்க. வேற என்னத்தைச் சொல்லச் சொல்றீங்?"

அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றான். "தெரிஞ்சிருந்தா முட்டை உரிச்சுக் குடுத்திருப்பாளா? ஓட்டோட வெச்சிருப்பா," என்றான். அவன் சிரித்தான். விலா வலித்ததோ என்னவோ, நடுவில் நிறுத்திக்கொண்டான்.

நர்ஸ் தட்டோடு வந்தாள். இந்த ஊசியை மெஷின் போடுவதில்லையாம், ஆள்தான் போட வேண்டுமாம். கூட வந்தவர் யாரு என்று கேட்டாள். மச்சான் என்று செங்கோடன் சொன்னான். சட்டையைத் தூக்கினான். தொப்புளுக்குப் பக்கத்தில் தோலைப் பிடித்து அவள் ஊசியை ஏற்றினாள். கொஞ்சம் கொஞ்சமாக மருந்து உள்ளே இறங்கியது. சுவர் என் இடதுபுறம் இருந்தது. நான் திரும்பவில்லை. ஊசி முனை தோலுக்குள் இருக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊசியை உருவிவிட்டு, கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடியுங்கள் என்று பஞ்சை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் போனாள். கட்டை விரலால் அமுக்கிப் பிடித்தேன். அவன் வயிறு மூச்சுக்கு ஏறி இறங்கியது. சாந்தாமணி மாத்திரைப் பையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள், எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கால்மாட்டில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"ரத்தம் அப்பவே நின்னுபோச்சுங், மச்சான். விடுங்," என்றான் செங்கோடன்.

"இருக்கட்டும்," என்றேன்.